அறுந்த கண்ணியைத் தேடி: மலையகக் குடும்பங்களுக்கு டிஎன்ஏ சோதனை எந்த அளவுக்கு உதவும்?

இலங்கை மலையகத்தில் எந்தத் தோட்ட லயத்தில் போய்க் கேட்டாலும் குடும்பக் கதை ஓரிடத்தில் அறுந்து நிற்கும். தாத்தாவின் பெயர் தெரியும், அவருடைய அப்பா பெயர் தெரியாது. பூர்வீக ஊர் எது என்றால் "திருச்சிப் பக்கம்" என்பார்கள். அம்மாயியின், அதாவது அம்மாவின் அம்மாவுடைய, அண்ணன் 1970களில் இந்தியப் பாஸ்போர்ட்டில் தலைமன்னார் போய்க் கப்பலேறினார். இரண்டு கடிதம் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஏடுகளைப் பார்க்கலாம் என்றால், 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போனதில், தொழிலாளர் பெயர் பதிந்த பழைய செக்ரோல் புத்தகங்கள் எல்லா இடத்திலும் பத்திரமாக இருக்கவில்லை.

இந்த நிலையில்தான் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பேரப்பிள்ளை ஒரு டிஎன்ஏ சோதனைப் பெட்டியை வாங்கி வீட்டுக்கு அனுப்புகிறார். அந்தப் பெட்டியால் சில கேள்விகளுக்கு உறுதியான பதில் சொல்ல முடியும். சிலவற்றுக்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் பதில் கிடைக்காது. எது எதுவென்று முதலிலேயே தெரிந்துகொண்டால் காசும் மிஞ்சும், மனக்கஷ்டமும் குறையும்.

சோதனை எதைச் சொல்கிறது

சோதனையில் எந்த முன்னோரின் பெயரும் வராது, ஊரும் வராது. உங்கள் மாதிரியை நிறுவனம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள மற்றவர்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டு, "இந்த ஆளும் நீங்களும் இவ்வளவு டிஎன்ஏவைப் பகிர்கிறீர்கள்" என்று ஒரு பட்டியல் தரும். அவ்வளவுதான். அந்த ஆள் யார், எந்த வழியில் உறவு என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். மறுபக்கத்து உறவினர் எவரும் சோதனை செய்திருக்காவிட்டால் அவர்கள் பட்டியலில் வரவே மாட்டார்கள்.

சோதனையில் மூன்று வகை உண்டு. குடும்பத் தேடலுக்கு முதலில் வாங்க வேண்டியது ஆட்டோசோமல் சோதனை. பள்ளிக்கூடத்தில் நிறமூர்த்தம் என்று படித்தோமே, அந்தக் குரோமோசோம்களில் பால் சார்ந்த ஒரு சோடி போக மீதி 22 சோடிகளை இது பார்க்கும். தாய்வழி, தந்தைவழி இரண்டும் இதில் இருக்கும். ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ், 23அண்ட்மீ எல்லாம் விற்பது இதைத்தான். ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ மூன்று வகையையும் விற்கிறது.

இரண்டாவது ஒய் சோதனை. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமைப் பார்ப்பது, ஆண்கள் மட்டுமே செய்யக்கூடியது. நம் பேச்சில் சொன்னால் இது பங்காளி வழி. மூன்றாவது, தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இறங்கி மகள்கள் வழியாக மட்டும் தொடரும் மைட்டோகாண்ட்ரியல் சோதனை. மேற்கு நாடுகளில் ஒய் சோதனைக்குப் பெரிய மதிப்பு உண்டு, ஏனென்றால் அங்கே குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் ஒன்றாகவே இறங்குகின்றன. நமக்கு அப்பா பெயர் முதலெழுத்தாகி அடுத்த தலைமுறையில் காணாமல் போகிறது. அதனால் ஒய் பட்டியலில் ஒருவர் வந்தாலும் பெயரைப் பார்த்து எதுவும் புரியாது. ஆனால் ஒரு வேலைக்கு இது மிக நல்லது. "நாமெல்லாம் ஒரே கங்காணியின் (ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிவந்தவரின்) வாரிசுகள்" என்று சொல்லும் இரண்டு குடும்பங்களில் நேர் ஆண்வழியில் ஆளுக்கொருவர், ஒய் குரோமோசோமில் 37 இடங்களை ஒப்பிடும் சோதனையைச் செய்தால், அந்தக் கதை நிற்குமா விழுமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். 37இல் 4 இடத்துக்கு மேல் மாறினால் ஒருவர் பட்டியலில் மற்றவர் வர மாட்டார்.

எண்கள் சொல்லும் தூரம்

பகிர்ந்த டிஎன்ஏவை அளக்கும் அலகு சென்டிமோர்கன். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே இது ஏறக்குறைய 3,480 வரும். கூடப்பிறந்தவர்களுக்குள் சராசரி 2,600. தாத்தா, பாட்டி, சொந்தச் சித்தப்பா, அத்தை, தாய்மாமன், ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான சகோதரர் என்று இவர்கள் எல்லாரும் 1,750 அளவில் வந்து நிற்பார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து இவர்களைப் பிரிக்க முடியாது. வயதைப் பார்க்க வேண்டும். கூடப்பிறந்த இருவரின் பிள்ளைகளுக்கிடையே சராசரி 866, பேரப்பிள்ளைகளுக்கிடையே 229, கொள்ளுப்பேரப்பிள்ளைகளுக்கிடையே 73.

இந்தச் சராசரிகள் பிளேன் பெட்டிங்கர் என்ற அமெரிக்கர் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடமிருந்து எண்களைக் கேட்டு வாங்கித் தொகுத்தவை. டிஎன்ஏ பெயின்டர் என்ற தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டால், எந்தெந்த உறவாக இருக்கலாம் என்று நிகழ்தகவோடு காட்டும். சராசரியை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். 229 என்று சொன்ன அதே உறவு 41இலிருந்து 592 வரை எங்கும் விழலாம்.

இதில் ஒரு முக்கியமான எல்லை இருக்கிறது. கூடப்பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சோதனையில் தப்பவே மாட்டார்கள். அதற்கு அடுத்த தலைமுறையில் பத்தில் ஒரு சோடிக்குப் பொருத்தம் காட்டாது. அதற்கும் அடுத்ததில் பாதிச் சோடிகளுக்குக் காட்டாது. உறவு இல்லை என்பதல்ல அதன் அர்த்தம். இருவருக்கும் ஒரே டிஎன்ஏ துண்டு இறங்கவில்லை, அவ்வளவே.

இதை நம் வரலாற்றின் மேல் வைத்துப் பாருங்கள். 1820களில் கோப்பிக்காக வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் விழுந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்து, ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்க ஆள் தேவைப்பட்ட பிறகுதான் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். 1939இல் இந்திய அரசு தொழிலாளர் வருகையைத் தடைசெய்தது. ஆகவே இன்று 30 வயதில் இருப்பவருக்குக் கடல் கடந்து வந்தவர் பெரும்பாலும் கொள்ளுத்தாத்தாவோ அவருக்கும் முந்தியவரோதான். அந்தத் தூரம் சோதனையின் விளிம்பு. ஆனால் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம்மவரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று எழுதினார்களே, அதனால் இரண்டாகப் பிரிந்த குடும்பங்களுக்கு நடுவில் இருப்பது இரண்டு, மூன்று தலைமுறைதான். டிஎன்ஏ மிகத் திடமாகப் பேசும் தூரம் அது. கோப்பிக் காலத்து முன்னோரைத் தேடுபவருக்கு இந்தச் சோதனை அதிகம் தராது. கப்பலில் போன அண்ணனின் பிள்ளைகளைத் தேடுபவருக்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை.

யாருக்கு முதலில்?

வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவருக்கு. இதில் இரண்டாவது பேச்சே வேண்டாம். காணாமல் போன அண்ணனின் பேரன் ஒருவர் கோத்தகிரியிலோ கூடலூரிலோ சோதனை செய்திருக்கிறார் என்று வையுங்கள். உங்களுக்கும் அவருக்கும் சராசரி 229. உங்கள் அம்மாயிக்கும் அவருக்கும் 850. தலைமுறைக்குத் தலைமுறை பாதி கரைந்துபோவதால் வரும் வித்தியாசம் இது. ஊரிலேயே தங்கிவிட்ட கொள்ளுத்தாத்தாவின் தம்பி வழியில் தேடினாலும் இதே கணக்குத்தான்: அந்தத் தம்பியின் கொள்ளுப்பேரன் உங்களுக்கு 73 அளவில் நின்று சில வேளை தப்பியும் போவார், உங்கள் அம்மாயிக்கு 221 அளவில் கட்டாயம் வருவார்.

அம்மாயியின் தங்கை இன்னொரு தோட்டத்தில் இருந்தால் அவருக்கும் செய்யுங்கள். கூடப்பிறந்த இருவரும் பெற்றோரிடமிருந்து வெவ்வேறு பாதிகளைப் பெற்றிருப்பதால், ஒருவருக்கு வராத பொருத்தம் மற்றவருக்கு வரும். கையில் காசு கொஞ்சம்தான் என்றால் இளையவர்கள் மூவருக்குச் செய்வதைவிட மூத்தவர் ஒருவருக்குச் செய்வது மேல்.

மாதிரி எடுப்பது

எச்சில் துப்பும் குழாய் ஒருவகை, கன்னத்தின் உள்ளே தேய்க்கும் பஞ்சுக்குச்சி இன்னொருவகை. வயதானவர்களுக்கு வாய் உலர்ந்திருக்கும், குழாயில் கோடு வரை எச்சில் சேர்க்கச் சிரமப்படுவார்கள். நுரை கணக்கில் வராது, நீர்தான் கோட்டைத் தொட வேண்டும். ஆகவே மூத்தவர்களுக்குக் குச்சி வகையே நல்லது.

எடுப்பதற்கு முன் குறைந்தது அரை மணி நேரம் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது, புகைக்கக்கூடாது. நம் பாட்டிமாருக்கு இதில் இன்னொன்றும் உண்டு: வெற்றிலை. சுண்ணாம்பும் பாக்குத் துகளும் கன்னத்து மடிப்பில் மணிக்கணக்கில் தங்கும். எனவே காலையில் எழுந்து வாய் கொப்பளித்து, தேத்தண்ணி குடிப்பதற்கு முன், முதல் வெற்றிலை போடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். அதுதான் மிக நல்ல நேரம். போட்டுவிட்டார் என்றால் வெறும் தண்ணீரால் மூன்று நான்கு தடவை, துப்பும் தண்ணீர் சிவப்பில்லாமல் வரும்வரை கொப்பளிக்கச் செய்து, ஒரு மணி நேரம் பொறுங்கள்.

குச்சியின் தலையைக் கை தொடக்கூடாது. கன்னத்தின் உட்புறத்தில் அழுத்தி, சுழற்றிச் சுழற்றி, 30 முதல் 60 விநாடி வரை தேய்க்க வேண்டும். நோகும் என்று பயந்து லேசாகத் தடவுவதுதான் மாதிரி தோற்றுப்போக முதற் காரணம். ஆய்வகத்துக்கு வேண்டியது கன்னத்தோலிலிருந்து உதிரும் கலங்கள், எச்சில் அல்ல. ஒரு கன்னத்துக்கு ஒரு குச்சி. தலையைக் குப்பியில் இருக்கும் திரவத்துக்குள் விட்டு, காம்பில் வெட்டு இருக்கும் இடத்தில் முறித்து, மூடியை இறுக்குங்கள். பிறகு குப்பியிலுள்ள இலக்கத்தை இணையத்தில் பதிவது கட்டாயம். பதியாமல் அனுப்பிய மாதிரி யாருடையதென்று ஆய்வகத்துக்குத் தெரியாது.

ஒரே நாளில் இரண்டு பேருக்கு எடுத்தால், ஒருவருடையதை உறையில் போட்டு ஒட்டி, பெயர் எழுதி வைத்த பிறகு அடுத்தவரைக் கூப்பிடுங்கள். குப்பிகள் மாறினால் எல்லா உறவும் தலைகீழாகும். தாயும் மகளும் செய்திருந்தால் இருவருக்கும் நடுவில் 3,400க்கு மேல் வந்திருக்கிறதா என்று முடிவு வந்ததும் பாருங்கள். இருவரின் மற்றப் பொருத்தங்களில் மகளுக்குத்தான் அதிக எண்கள் வருகின்றன என்றால் குப்பி மாறியிருக்கலாம். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் சோதனைக்குக் கொடுக்கக்கூடாது. அவர்கள் மாதிரியில் கொடையாளரின் டிஎன்ஏவும் கலந்திருக்கும்.

நிறுவனம் இலங்கைக்குப் பெட்டி அனுப்புகிறதா, இங்கிருந்து திரும்பப் பெறுகிறதா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். இந்தியாவிலுள்ள உறவினருக்கும் இதே எச்சரிக்கை. நாட்டுக்கு நாடு விதி வேறு. மாதிரி ஆய்வகம் சேர்ந்த பிறகு முடிவு வர ஒன்று, இரண்டு மாதமாகும்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியது

அந்த இரண்டு மாதமும் மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். கேட்பதிலும் ஒரு கவனம் தேவை. தமிழில் "அண்ணன்" என்றால் கூடப்பிறந்தவரும் அண்ணன்தான், பெரியப்பா மகனும் அண்ணன்தான், பெரியம்மா மகனும் அண்ணன்தான். டிஎன்ஏ கணக்கில் முதலாமவருக்கும் மற்றவர்களுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம். எனவே "ஒரே தாய் வயிற்றுப் பிள்ளையா?" என்று ஒவ்வொரு பெயருக்கும் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். யார் யாரைக் கட்டினார்கள், கட்டுவதற்கு முன்பே அவர்கள் என்ன உறவு என்பதைத் தனியாக எழுதுங்கள். பின்னால் இந்தக் குறிப்பு பொன்னாகும். குலதெய்வம் எது, அதன் கோயில் எந்த ஊரில், எந்தக் கங்காணியோடு வந்தார்கள், முதலில் இறங்கிய தோட்டம் எது, டிவிஷன் எது என்பவையும் வேண்டும். கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊரிலும் தம் சொந்தத்திலுமே ஆள் சேர்த்தார்கள். அதனால் ஒரே கங்காணியின் கணக்கில் இருந்த இன்னொரு குடும்பத்துக்குத் தெரிந்த ஊர்ப்பெயர் உங்கள் ஊராகவும் இருக்க வாய்ப்புண்டு.

காகிதங்களில் முதலில் பார்க்க வேண்டியது பிறப்புச் சான்றிதழ். பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகான படிவத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுதத் தனிக் கூடு இருக்கிறது. அதற்குக் கீழே பூட்டனாருக்கும் ஒன்று. அந்தக் கூடு வெறுமையாக இருந்தாலும் ஒரு சாடை தெரியும்: பாட்டனார் இந்தியாவில் பிறந்தவராக இருக்கலாம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தால் பிரதி எடுக்கலாம். அடுத்து, 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டப்படி பிரஜாவுரிமைக்குக் கொடுத்த விண்ணப்பங்கள். 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டியிருந்ததால், தோட்டம் தோட்டமாக விவரம் எழுதியிருப்பார்கள். வீட்டுப் பெட்டியின் அடியில் அந்தக் கடிதங்கள் இன்னும் கிடக்கலாம். இந்தியா போனவர்களின் குடும்ப அட்டையையும் பழைய பாஸ்போர்ட்டையும் அங்குள்ளவர்களிடம் கேளுங்கள்.

பழைய காகிதத்தில் உள்ள மாவட்டப் பெயரை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடினால் ஏமாறுவீர்கள். அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்துதான் பிற்காலத்தில் கரூர், பெரம்பலூர், அரியலூர் பிரிந்தன. 1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டம் 1985இல் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று மூன்றானது. சேலத்திலிருந்து 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் போயின. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். ஆட்பெயருக்கும் இதே சிக்கல்: கருப்பையா என்ற ஒரே ஆளை ஒரு குமாஸ்தா ஆங்கிலத்தில் 'கே' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'சி' போட்டு எழுதுவார். எல்லா விதத்திலும் தேடுங்கள்.

பட்டியல் வந்த பிறகு: சொந்தத்தில் கட்டிய கணக்கு

இந்தத் துறையில் எழுதப்படும் கையேடுகள் பெரும்பாலும் மேற்கத்தியக் குடும்பங்களை மனதில் வைத்தவை. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று கட்டிக்கொள்ளும் நமக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துப் பார்ப்போம்.

மாரியாயி, அவர் அண்ணன் கருப்பையா, தம்பி பெரியசாமி. மூவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். மாரியாயியின் மகளைக் கருப்பையாவின் மகன் கட்டுகிறார், மாமன் மகன் உரிமையில். அவர்களுக்கு ஒரு மகள், செல்வி. பெரியசாமி இந்தியா போய் அங்கே வெளியில் பெண் எடுத்தார்; அவர் மகனும் வெளியில்தான் எடுத்தார். அவருடைய பேரன் இப்போது செல்வியின் பட்டியலில் வருகிறார். காகிதக் கணக்குப்படி இருவரும் கூடப்பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள், 229 வர வேண்டும். ஆனால் செல்விக்குப் பெரியசாமியோடு அம்மா வழியிலும் உறவு, அப்பா வழியிலும் உறவு. இரண்டு வழியாகவும் துண்டுகள் இறங்கியிருப்பதால் எண் இரட்டிப்பாகி 450ஐ ஒட்டி வரும். டிஎன்ஏ பெயின்டர் கணிப்பானில் 450 என்று போட்டால், ஒரு தலைமுறை நெருக்கமான உறவை, அதாவது 433 சராசரி உள்ள உறவை, முதலில் காட்டும். அதை நம்பி ஒரு தலைமுறையைத் தவறவிட்டுத் தேடினால், பெரியசாமியை விட்டுவிட்டு அவர் மகன் வயதில், உண்மையில் இல்லவே இல்லாத ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருப்போம்.

செல்விக்கு எட்டுப் பூட்டன் பூட்டிமார் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான். அவரது டிஎன்ஏவிலும் அது தெரியும்: அத்தை மகன், மாமன் மகள் கட்டியவர்களின் பிள்ளைக்கு மரபணுத் தொகுதியில் சராசரி 6.25 சதவீதம், தாய்மாமனைக் கட்டியவரின் பிள்ளைக்கு 12.5 சதவீதம், இரு பக்கமும் ஒரே பிரதியாக இருக்கும். ஜெட்மேட்ச் என்ற ஒப்பீட்டுத் தளத்தில், சோதனை நிறுவனம் தரும் மூலத் தரவுக் கோப்பை ஏற்றினால், பெற்றோர் இருவரும் உறவினரா என்று பார்க்கும் வசதி இருக்கிறது. தேடலைத் தொடங்கும் முன் அதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எண்ணை எவ்வளவு தள்ளுபடி செய்து படிக்க வேண்டும் என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

மொத்த எண்ணைவிட நமக்கு உதவுவது மிக நீளமான துண்டின் அளவு. இரண்டு பேர் தலா 95 சென்டிமோர்கன் பகிர்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவரோடு 9 துண்டுகள், அதில் நீளமானது 14. மற்றவரோடு 4 துண்டுகள்: 41, 27, 16, 11. முதலாமவர் பல தலைமுறைகளாகச் சுற்றிச் சுற்றித் தமக்குள்ளேயே கட்டிக்கொண்ட ஒரு வட்டத்தின் தூரத்து ஆள். ஒவ்வொரு பழைய உறவும் ஒரு சின்னத் துண்டைச் சேர்த்திருக்கிறது. இரண்டாமவர்தான் உண்மையில் கிட்டத்து உறவு. தலைமுறை கூடக்கூடத் துண்டு உடைந்து சிறிதாகும், அதனால் நீளமான துண்டு அண்மையின் அடையாளம். 7க்குக் கீழ்ப்பட்ட துண்டுகளில் பல வெறும் தற்செயல். தொடங்குபவர்கள் நீளமான துண்டு 20க்கு மேல் உள்ளவர்களை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டால் தலைசுற்றல் குறையும்.

அடுத்தது கூட்டம் பிரிப்பது. 2018இல் டேனா லீட்ஸ் என்பவர் சொன்ன முறை எளிது: 400க்கும் 90க்கும் இடைப்பட்ட பொருத்தங்களை வரிசையாக எழுதி, முதலாமவருக்கு ஒரு நிறம் கொடுத்து, அவரோடும் பொதுவாகப் பொருந்தும் எல்லோருக்கும் அதே நிறத்தைக் கொடுப்பது, நிறம் விழாத அடுத்த ஆளுக்குப் புதிய நிறம். மேற்கில் இது நாலு நிறமாக, நாலு தாத்தா பாட்டிமார் வழிகளாகப் பிரியும். நமக்குப் பலபேர் மேல் இரண்டு, மூன்று நிறம் விழும். விழுந்தால் முறை கெட்டுவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். ஒரே நிறம் மட்டும் விழுந்தவர்களைப் பிரித்தெடுங்கள், அவர்கள்தான் வழிகாட்டிகள். பல நிறம் விழுந்தவர்கள் எந்த இரண்டு வழிகள் கல்யாணத்தில் சேர்ந்தன என்பதைக் காட்டுவார்கள். நீங்கள் எழுதி வைத்த "யார் யாரைக் கட்டினார்கள்" குறிப்பு இங்கேதான் வேலை செய்யும். தெரிந்த உறவுகளிலும் சிலருக்குச் சோதனை செய்து வைத்தால் எந்த நிறம் எந்தப் பாட்டி என்பது உறுதியாகும்.

பட்டியலில் யார் வருவார்கள்

இந்தியக் கிராமத்தில் இருப்பவர்கள் அபூர்வமாகவே வருவார்கள். கனடா, இங்கிலாந்து, ஐரோப்பாவில் குடியேறியவர்களின் பிள்ளைகள் வருவார்கள். கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தில் குடியமர்ந்த குடும்பங்களிலிருந்து வெளிநாடு போனவர்கள் வரலாம். ஆகவே பட்டியலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதைவிட, காகிதமும் பேச்சும் காட்டிய ஒரு குடும்பத்தை அணுகி, அவர்களில் மூத்தவர் ஒருவரைச் சோதனை செய்யச் சொல்லிக் கேட்பதே நமக்குப் பலன் தரும் வழி. ஒரே ஒரு கேள்விக்கு ஒரே ஒரு சோதனை.

டச்சு, சுவீடிஷ் பெயருள்ள ஒருவர் 300, 400 என்று வந்தால் பிழையென்று ஒதுக்கிவிடாதீர்கள். 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களில் பலரின் காகிதங்கள் பொய்யாக எழுதப்பட்டவை என்பது பின்னர் வெளிவந்தது. தாயைத் தேட டிஎன்ஏ தவிர அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் வேறு வழியில்லை. அவர்கள் எழுதினால் மரியாதையோடு பதில் எழுதுங்கள். ஆனால் வீட்டில் யாருடைய பிள்ளையாக இருக்கலாம் என்று உடனே பெயர் சொல்லிவிட வேண்டாம். அந்தத் தாய் உயிரோடு இருந்தால், முதலில் தெரிய வேண்டியவர் அவர்தான். அதையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரத் துரைமார் வழியில் பிறந்தவர்கள் என்று சில குடும்பங்களில் மெதுவாகச் சொல்லும் கதை உண்டு. இதற்கு டிஎன்ஏ மிகத் தெளிவாகப் பதில் தரும், ஏனென்றால் பிரித்தானிய வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் சோதனை செய்திருக்கிறார்கள், குடும்ப மரங்களும் எழுதி வைத்திருக்கிறார்கள். பூட்டன் ஒருவர் ஐரோப்பியர் என்றால் பட்டியலோடு சேர்ந்து வரும் உங்கள் இனக்கலப்பு வீதத்தில் (எந்தப் பகுதி வம்சம் எத்தனை சதவீதம் என்ற மதிப்பீடு) சுமார் 12.5 சதவீதம் ஐரோப்பியம் காட்டும், கொஞ்சம் கூடிக் குறையலாம். அந்தப் பக்கப் பொருத்தங்களும் தனிக்கூட்டமாகப் பிரிந்து நிற்கும்.

அந்த ஒரு தேவை தவிர, வண்ண வரைபடத்தோடு வரும் வீதக் கணக்கில் நேரம் செலவிட வேண்டாம். "தென்னிந்தியா, இலங்கை" என்று வருவதில் நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஒப்பீட்டு மாதிரிகள் மாறும்போது அந்த வீதமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஊரையோ சாதியையோ டிஎன்ஏ சொல்லாது. சொல்வதாக யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

சம்மதமும் இரகசியமும்

எடுப்பதற்கு முன் மூத்தவரிடம் அவருக்குப் புரியும் வார்த்தையில் சொல்லுங்கள்: இது வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகிறது, அங்கே சேமிப்பார்கள், தெரியாத சொந்தக்காரர்கள் வரலாம், வீட்டில் இதுவரை பேசாத ஒன்றும் தெரியவரலாம். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். அப்பா என்று நினைத்தவர் அப்பா இல்லை என்று காட்டும் முடிவு எந்த வீட்டிலும் வரலாம். அப்படி வந்தால் முதலில் குப்பி மாறியதா என்று சரிபாருங்கள். சரியென்றால் சம்பந்தப்பட்டவர் தவிர வேறு யாருக்கும் சொல்லாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பட்டியலின் படத்தைப் போடவே கூடாது. இந்தச் சோதனை முடிவை வழக்குக்கும் பயன்படுத்த முடியாது. மாதிரி யாருடையது என்பதற்குச் சாட்சியில்லை.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. ஆனால் உங்கள் மாதிரி இருப்பது வேறு நாட்டில். 2023இல் 23அண்ட்மீயில் நடந்த ஊடுருவலில் சுமார் 69 இலட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்பு கோரியது. எனவே வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும் கட்டாயம். மூலத் தரவுக் கோப்பைத் தரவிறக்கி உங்கள் கையில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

பொருத்தம் வந்தவருக்கு எழுதுவது

முதல் கடிதம் சிறியதாக இருக்கட்டும். "வணக்கம். எனது அம்மாயி 1941இல் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய அண்ணன் 1972 அளவில் இந்தியா போனார். உங்களுக்கும் அம்மாயிக்கும் 830 சென்டிமோர்கன் பொருத்தம் காட்டுகிறது. உங்கள் தாத்தா பாட்டியில் யாராவது இலங்கையில் பிறந்தவரா? குலதெய்வம் எது என்று தெரியுமா?" இவ்வளவு போதும். சொத்து, சாதி, பணம் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அண்ணனின் பெயரை முதல் கடிதத்தில் எழுதாதீர்கள். அவர்களே அந்தப் பெயரைச் சொன்னால் அது தனிச் சாட்சியாகும். பதில் இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை எழுதுங்கள். பலர் அந்தக் கணக்கை எப்போதாவதுதான் திறப்பார்கள்.

அம்மாயியின் கணக்கை யார் பார்க்கிறார், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, அவருக்குப் பிறகு யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் திகதி போட்டு எழுதி, அவர் கையொப்பமோ கைநாட்டோ வாங்கி, பழைய பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள். பெரியசாமியின் கொள்ளுப்பேத்தி இன்னும் பத்து வருடம் கழித்துச் சோதனை செய்யக்கூடும். அன்று அந்தக் கணக்கைத் திறக்க ஒருவர் இருக்க வேண்டும்.